கல் வைத்த எடை

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் படுத்துக் கிடக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் விடியப் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுத்து, கங்காணி காட்டுகிற மலையில் ஏறி, தேயிலைக் கொழுந்து எடுத்து, கூடையோடு இறங்கி, நிறுத்துவிட்டுத் திரும்பவும் ஏறுகிறவள் நான். ஏழாவது நாளும் ஏறு, அதுவும் விளையாட்டுக்கு ஏறு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சொன்னவர் என் வீட்டுக்காரர் தயாபரன். தெமோதரைப் பக்கம் கைவிட்ட தோட்டம் ஒன்றின் டர்பன்டைன் மரக் காட்டை யாரோ ஒரு கம்பனிக்காரர் எடுத்து, மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டி, பள்ளத்துக்கு மேலே கம்பி இழுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு பூங்கா செய்துகொண்டிருந்தார். இவர் அங்கே மூன்று மாதம் பலகை சுமந்தார், படி வெட்டினார். இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பர் அது. சண்டை முடிந்து, ரோட்டில் செக்பொயின்ட் குறைந்து, ஊர் பார்க்க ஆட்கள் கிளம்பியிருந்த நேரம். பூங்கா திறப்பதற்கு முந்தின ஞாயிறு வேலைக்காரர்களுடைய குடும்பங்கள் காசு கொடுக்காமல் சும்மா வந்து ஏறிப் பார்க்கலாம் என்று மனேஜர் சொன்னாராம். சும்மா என்று கேட்டால் எங்கள் ஆளுக்குக் கால் தரையில் நிற்காது.

அதைக் கொண்டுவந்து மகளிடம் சொன்னதுதான் பிசகு. சிவரூபிக்குப் பத்து வயது. பூங்காவில் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகலாம் என்று அப்பா சொன்னதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. "அம்மாவும் வந்தாத்தான் நான் போவேன்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டாள் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஏன் பேசவில்லை என்றால், நான் குவைத்துக்குப் போவதாக இருந்தேன். வீட்டு வேலைக்கு, இரண்டு வருடம். எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீட்டுச் சுவர் சன்னல் மட்டத்தோடு நின்று ஒன்றரை வருடமாகிவிட்டது. சுவருக்கு மேல் புல் முளைத்து, ஆடு ஏறி நின்று மேய்கிறது. நாங்கள் நான்கு பேரும் லயத்தில் ஒரே காம்பிராவில், ஓர் அறைக்குள் கிடக்கிறோம். கூரை போட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும், பொம்பளைக்குத்தான் அங்கே வேலை இருக்கிறது. இதில் பேச என்ன இருக்கிறது?

பாஸ்போர்ட் வந்தது. ஏஜென்சிக்காரர் கொழும்பில் மெடிக்கலுக்கு அனுப்பினார். இரத்தம் நல்லது, நெஞ்சு நல்லது, எடைதான் காணாது என்றார்கள். நாற்பத்தைந்து கிலோ இருக்க வேண்டுமாம், என்னிடம் நாற்பத்துமூன்றுதான் இருந்தது. சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு வா என்று மூன்று வாரம் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. பூங்காவுக்குப் போன ஞாயிறுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு நாள்.

அந்த மூன்று வாரமும் எனக்கு வீட்டில் ராஜ மரியாதை. கஞ்சிக்குத் தேங்காய்ப்பால், இராத்திரிக்கு வாழைப்பழம், தினம் ஒரு அவித்த முட்டை. எங்களிடம் முட்டையிடுகிற கோழி ஒன்றுதான். முன்னால் அந்த முட்டை ஒரு நாள் சிவரூபிக்கு, ஒரு நாள் தம்பி சுபாசுக்கு என்று மாறி மாறிப் போகும். சுபாசுக்கு ஆறு வயது. நான் உரிக்கும்போது அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் பார்க்கமாட்டாள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். ஆனாலும் தின்றேன், வெட்கமில்லாமல் தின்றேன்.

அப்படியும் எடை ஏறாவிட்டால் என்ன செய்வது என்று தயாபரனிடம் திட்டம் இருந்தது. "காலையில ரெண்டு லீட்டர் தண்ணி குடிச்சிட்டுப் போயி ஏறு. அப்பவும் காணலன்னா உள்பாவாடை ஓரத்துல ரெண்டு ஈயக்கட்டி வச்சித் தைச்சிக்க. துணிய அவுத்தா பாக்கப் போறாங்க?" என்றார். நான் மறுக்கவில்லை. தராசை ஏமாற்றுவது எங்களுக்குப் புதிதா? கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்கு என்று ஒரு கிலோ கழிப்பார்கள், ஈரத்துக்கு என்று இன்னொன்று கழிப்பார்கள், வெயில் நாளில்கூட ஈரத்துக்குக் கழிப்பார்கள். அவர்கள் கழிப்பார்கள், நாங்கள் வைப்போம். மேலே நல்ல கொழுந்து, அடியில் நனைத்த கொழுந்து. உடம்பு முடியாத நாளில் அதற்கும் அடியில் ஒரு கல். இருபது வருடத்தில் நான் கண்ட தராசு எல்லாம் என்னிடமிருந்து பிடுங்குகிற தராசுதான்.

பசறையிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். வளைவில் சுபாஸ் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். பதுளையில் பைப்படியில் சேலையை அலசிக்கொண்டு, ஈரத்தோடு பண்டாரவளை பஸ்ஸில் தெமோதரை வரைக்கும் நின்றே போனேன். இறங்கியதும் மேலே ஒரு மண்பாதை. "கிட்டதான், வந்துருச்சி" என்று இவர் நான்கு தடவை சொன்னார். நான்காவது தடவை சொன்னபோது நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தது.

"ஏங்க, நான் இங்கயே இருக்கேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"ஒரு நாள்தானே ராணி. புள்ள மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். சிவரூபி திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்துகொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நெட்டை நெட்டையான மரங்கள், பாதி உயரத்தில் பலகைத் தட்டுகள், தட்டுக்குத் தட்டு கயிற்றுப் பாலம். கடைசி மரத்திலிருந்து பள்ளத்துக்கு மேலாக ஒரு கம்பி மறுகரைக்குப் போனது. பள்ளத்தில் காடேறிப்போன பழைய தேயிலை. ஆட்கள் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு, கம்பியில் ஓடுகிற உருளையில் கொளுவிக்கொண்டு, கத்திக்கொண்டே போனார்கள். சுபாஸ் ஒரு வாரை எடுத்து நெற்றியில் மாட்டி முதுகுப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான், நாங்கள் கொழுந்துக் கூடை போடுகிற மாதிரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெடுக்கென்று பிடுங்கி வைத்தேன்.

ஏறுவதற்கு முன்னால் எல்லாருக்கும் எடை பார்த்தார்கள். படிக்குக் கீழே ஒரு மேசை, பக்கத்தில் முள் வைத்த தராசு, ஒரு பெட்டைப் பிள்ளை நின்று எடை பார்த்துக் கையில் நாடா கட்டினாள். முப்பது கிலோவும் அதற்கு மேலும் என்றால் மஞ்சள் நாடா, மேலே ஏறலாம். அதற்குக் கீழே என்றால் சிவப்பு நாடா, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டிய வலையில் விளையாடலாம். சிவரூபி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். முள் இருபத்தெட்டில் நின்றது.

"சிவப்புதான் தங்கச்சி," என்று பெட்டை நாடாவை எடுத்தாள்.

"ரெண்டு கிலோதானே மிஸ். நான் இங்க வேல செஞ்சவன்," என்றார் தயாபரன்.

"தெரியும் அண்ணே. சட்டம் அப்பிடி. முப்பது இல்லாம மேல விட்டா எங்களுக்குத்தான் பேச்சு விழும்."

சிவரூபி கையை நீட்டிச் சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டாள். அழுதிருந்தாலாவது நான் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். இவர் என் பக்கம் திரும்பி, "நீயும் ஒருக்கா ஏறிப் பாரு. எவ்வளவு வந்திருக்குன்னு தெரியும்ல," என்றார். எல்லாருக்கும் முன்னால் ஏறினேன். நாற்பத்துமூன்றரை. மூன்று வார முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து அரைக் கிலோ. "சரி, மிச்சத்தத் தண்ணியில பாத்துக்கலாம்," என்று அவர் மெதுவாகச் சொன்னார். சிவரூபி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் புல்லில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். கருவாட்டுச் சம்பல், பருப்பு, எனக்கு மட்டும் அந்த முட்டை. சிவரூபி அதை எடுத்து, உரித்து, என் சோற்றின் மேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க. செவ்வாக்கிழம நிறுக்கணும்ல," என்றாள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் அவளைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. போன படிப்புத் தவணையில் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தபோது இருபத்தொன்பதரை என்று வந்து சொன்னவள் இவள். அந்த ஒன்றரைக் கிலோ எங்கே போனது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை வாயிலிருந்து எடுத்துத்தான் நான் தின்றிருக்கிறேன். அப்படி எடுத்ததும் என் உடம்பில் ஒட்டவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. தராசின் மேல் போட்டேன். இங்கேயும் ஒரு தராசு, இங்கேயும் ரெண்டு கிலோ காணாது. விளையாட்டுக்கு வந்த இடத்திலுமா கழிப்பார்கள்? முட்டையைப் பார்சல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். "ரூபி, என்கூட வா," என்று எழுந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துவிட்டார். சுபாஸ் வலையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

கக்கூசுக்குப் பின்னால் படி வெட்டிக் கொட்டிய கல் குவிந்து கிடந்தது, அவரே கொட்டியதுதான். கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தால் எனக்கு எடை தெரியும். இது அரை, இது முக்கால், இது காணாது. தட்டையாக இரண்டு பார்த்து, என் தலைத்துண்டில் சுற்றி, அவள் சட்டைக்கு உள்ளே இடுப்போடு கட்டினேன். காற்சட்டைப் பைக்கு ஒவ்வொன்று. மொத்தம் இரண்டேகால் வரும். கால் கிலோவைக் கூடவே வைக்க வேண்டும், தராசை நம்பக்கூடாது.

"பொய்தானேம்மா இது?" என்றாள்.

"பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. நிறுக்கிறவங்க நிறுப்பாங்க, நம்ம வேல ஏறி நிக்கிறது. சிவப்ப அவுத்துடு, நேரா நட."

மேசையில் இப்போது வேறு ஓர் ஆள். காதில் போனை வைத்துக்கொண்டு, முள்ளை ஒரு கண்ணால் பார்த்தான். முப்பது, ஒரு மயிரிழை கூட. மஞ்சள் நாடா கட்டிவிட்டான். சிவரூபி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் முட்டி வலி, வாந்திச் சேலை எல்லாம் மறந்துபோனது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால்.

வாரைக் கட்டி, தொப்பியைப் போட்டு அவளை ஏற்றிவிட்டார்கள். முதல் பாலம், இரண்டாவது பாலம், நான் கீழேயே கூட நடந்தேன். மூன்றாவது மரத்துத் தட்டில் அவள் நின்றுவிட்டாள். வார் இறுக்கிய இடத்தில் கல் குத்தியிருக்க வேண்டும், சட்டைக்குள் கையை விட்டு நெளிந்தாள். பிறகு பொத்தென்று ஒரு சத்தம் புதருக்குள் விழுந்தது. இன்னொன்று. பையிலிருந்த ஒன்றும் விழுந்தது. என் துண்டு காற்றில் ஆடி ஒரு கிளையில் போய் மாட்டியது.

விழுந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கத்தியிருக்கலாம். மேலே நின்ற ஆளிடம் சொல்லியிருக்கலாம். நான் சும்மா நின்றேன். கொழுந்தை நிறுத்து, கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லியாகிவிட்டால் அதற்குப் பிறகு கூடையில் என்ன இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். நாடா கட்டியாகிவிட்டது, இனிக் கல் எதற்கு? அப்படித்தான் என் புத்தி போனது. அதோடு, வாயைத் திறந்தால் எல்லாருக்கும் முன்னால் கல் வைத்தவள் என்று ஆகிவிடுவேனே என்ற பயமும் இருந்தது.

கடைசி மரத்தில் அவளைக் கம்பியில் கொளுவினார்கள். "போ புள்ள," என்று யாரோ சொன்னார்கள். அவள் காலை எடுத்தாள். விர்ரென்று போனாள். முதல் பாதி வேகம், பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. கரை கைக்கெட்டுகிற மாதிரி இருந்தது, எட்டவில்லை. நின்று, கொஞ்சம் பின்னாலே ஓடிவந்து, பள்ளத்துக்கு நடுவில் ஆடிக்கொண்டு தொங்கினாள்.

"ரூபி, ரூபி," என்று கூப்பிட்டுக்கொண்டு விளிம்புக்கு ஓடினேன். யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். தயாபரன் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன ஆச்சி, ஏன் நின்னுச்சி?" என்று என்னைக் கேட்டார். அவள் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு, கீழே காடேறின தேயிலையைப் பார்த்துக்கொண்டு தொங்கினாள். அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுகரையில் ஜௌபர் நின்றார். பதுளை டவுனில் இருப்பவர், கம்பி இழுத்த வேலைக்குத் தலையாள், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். ஐம்பது வயது இருக்கும். அவர் அவசரப்படவில்லை. தன் வாரைக் கம்பியில் கொளுவிக்கொண்டு, மல்லாக்கத் தொங்கி, கைமாற்றிக் கைமாற்றிக் கம்பியைப் பிடித்து அவள் வரைக்கும் போனார். அவளைத் தன்னோடு கொளுவிக்கொண்டு, வந்த வழியே இழுத்துக்கொண்டு திரும்பினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் பள்ளத்தைச் சுற்றி மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அவளுடைய வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றும்போது கையில் ஏதோ தட்டியது. அவள் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு மிஞ்சின ஒரு கல்லை எடுத்தார்.

"இது என்ன மகள்?"

"நாந்தான் வச்சேன்," என்றாள் சிவரூபி. "எடை காணலன்னு நானே வச்சிக்கிட்டேன்."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள். தயாபரனுக்கு முகம் சிவந்தது. கையை ஓங்கிவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன்.

"நாந்தான் வச்சேன்," என்றேன். "நாலு கல்லு. அவ மூண மேலேருந்து போட்டுட்டா. போட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

ஜௌபர் கல்லைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்குத் தெரியாதா பேச? அவர் கோபப்படவில்லை.

"தங்கச்சி, இந்தத் தராசு ஒங்கட்டேருந்து ஒண்டும் எடுக்கிறதுக்கு இல்ல. எடை காணாத ஆள் மறுகர வந்து சேராது. நடுவுல நிண்டு போகும். அதுக்குத்தான் முப்பது. நான் இங்கன நிண்டதால சரி. நாங்க வேல முடிச்சி சாமான் எல்லாத்தயும் கட்டிட்டுப் போன பொறகு இப்பிடி நிண்டிருந்தா?"

அவ்வளவுதான் சொன்னார். கல்லைக் காலடியில் போட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இருபது வருடமாகத் தராசு என்றால் பிடுங்குவது என்றே நினைத்துவிட்டேன். ஒரு தராசு என் பிள்ளைக்காக நிற்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

திரும்பும்போது தயாபரன் பதுளை வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. பசறை பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார், சுபாஸ் அவர் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சிவரூபி என் பக்கத்தில், சன்னலோரம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பில் எந்த எலும்பும் அதன் இடத்தில் இல்லாத மாதிரி அசதி. கண்ணை மூடினால் அவள் தொங்குவதுதான் தெரிந்தது.

"அம்மா."

"ம்."

"செவ்வாக்கிழம நீங்களும் கல்லு வைப்பீங்களா?"

"இல்ல. தண்ணிதான் குடிப்பேன். அப்பா சொன்னாரு."

"தண்ணியும் கல்லு மாதிரிதானேம்மா. அப்பறம் போயிரும்ல."

பஸ் ஒரு வளைவு திரும்பியது. அவள் என் தோளில் வந்து சாய்ந்தாள், நிமிரவில்லை.

"அங்க போயி நடுவுல நின்னுட்டீங்கன்னா, யாரும்மா வந்து ஒங்கள இழுத்துக்கிட்டு வருவா?"

மூன்று வாரமாக இவள் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். கோபம் இல்லை, பயம். எடை காணாத உடம்போடு அம்மாவை ஏற்றி அனுப்பப் போகிறார்கள் என்று இந்தப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்திருக்கிறாள். போகாதீங்க என்று சொல்லத் தெரியாமல், அம்மா காணாமல் போய்விடக்கூடாது என்று ஊட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள், இருந்தால் என்ன, அழுதேன்.

பைக்குள் கையை விட்டு அந்த முட்டையை எடுத்தேன். தாளில் கொஞ்சம் நசுங்கியிருந்தது. இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவள் வாயில் வைத்தேன். மறுபாதியை முன் சீட்டுக்கு நீட்டினேன்.

"இந்தாங்க, சுபாஸ் எந்திரிச்சா குடுங்க."

"ஒனக்குத்தானே அது," என்றார் அவர். பூங்காவை விட்டு வந்த பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"நான் தண்ணியும் குடிக்க மாட்டேன், ஈயமும் தைக்க மாட்டேன். இருக்கிறதோட போயி ஏறி நிக்கப் போறேன். எடை வந்தா போறேன், வரலன்னா வரல."

"வீடு?"

"ஆடு மேயட்டும்," என்றேன்.

அவர் முட்டையை வாங்கிக்கொண்டார். கல் வைத்ததற்கு ஏசுவார், இதற்கு இன்னும் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அவரும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றவர்தானே. தாளைச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கொழும்பில் ஒரு பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினேன். என் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டு இருந்தன. முள் நாற்பத்துமூன்றைத் தொட்டு, அங்கேயே நின்றது. நேர்ஸ் எழுதாமல் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல பிள்ளைதான், உதவி செய்யப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் தவண போட்டுத் தரவா? ஏத்திக்கிட்டு வாங்க."

"வேணாம் மிஸ்," என்றேன். "இதுதான் என் எடை."